வானொலி வீட்டுக்குள் வந்த கதை

இன்றைக்கு ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு கைபேசி, நான்கு ஹெட்போன், நான்கு விதமான பாட்டு. அப்பாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று மகனுக்குத் தெரியாது. மகள் என்ன கேட்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு முன்பு நிலைமை வேறு. ஒரு வீட்டுக்கு என்ன, பல இடங்களில் ஒரு தெருவுக்கே ஒரு ரேடியோதான். அதில் என்ன பாடுகிறதோ அதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு வீடுகளில் கேட்ட தமிழ் சினிமாப் பாட்டில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வரவில்லை. கடல் தாண்டிக் கொழும்பிலிருந்து வந்தது! சென்னையில் எழுதி, சென்னையில் பாடி, சென்னையில் பதிவு செய்த பாட்டைக் கேட்க இலங்கையை நம்பி இருக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கடற்கரையில் தொடங்கிய பாட்டு

இந்தியாவில் அரசாங்கம் வானொலி நடத்துவதற்கு முன்பே சென்னையில் சில ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திவிட்டார்கள். 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. சின்ன டிரான்ஸ்மிட்டர், மாலை நேரத்தில் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பேச்சு. பணம் போதாமல் 1927-ல் கிளப் நின்று போனது. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அதை வைத்து ஒலிபரப்பு நடத்தியது. வீட்டில் ரேடியோ வாங்கும் வசதி யாருக்கு இருந்தது? அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். சபாவுக்கு டிக்கெட் வாங்க முடியாதவர்களும், சபாவுக்குள் நுழைய யோசித்தவர்களும்கூட அங்கே உட்காரலாம். தமிழர்களுக்கு வானொலி முதலில் வீட்டுப் பொருளாக வரவில்லை. பொது இடத்தில் ஒலித்த பாட்டாகத்தான் வந்தது.

1936-ல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையமும் 1939 மே 16-ல் திருச்சி நிலையமும் தொடங்கின. சுதந்திரம் கிடைத்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை மொத்தமே ஆறு நிலையங்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ்ப் பகுதியில்!

கூடத்தில் ஒரு பெட்டி

அந்தக் காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மர்பி, பிலிப்ஸ், ஜி.இ.சி., டெலிஃபங்கன் என்று பெயர்கள். பெரிய மரப்பெட்டி, முன்பக்கம் துணி ஒட்டிய ஒலிபெருக்கி, கண்ணாடியில் ஊர்களின் பெயர்கள். சுவிட்சைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடாக வேண்டும். அதுவரை வீடே காத்திருக்கும். சில பெட்டிகளில் 'மேஜிக் ஐ' என்று பச்சை விளக்கு ஒன்று இருக்கும். நிலையம் சரியாகப் பிடித்தால் அந்தப் பச்சை ஒன்று கூடும். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை வலை மாதிரி ஏரியல் கட்டியிருப்பார்கள்.

பெட்டியை வாங்கினால் மட்டும் போதாது, லைசென்ஸும் வேண்டும். 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் ரேடியோ வைத்திருப்பவர் வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி, அதற்கென்று உள்ள சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கட்டாவிட்டால் அபராதம். 1980களின் நடுவில்தான் இந்த லைசென்ஸ் ஒழிந்தது. பாட்டு கேட்க அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றால் இன்றைய மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

இவ்வளவு செலவு செய்து வந்த பெட்டிக்கு வீட்டில் தனி மரியாதை. பூ வேலை செய்த துணி போர்த்தி, எட்டாத உயரத்தில் பலகை அடித்து வைப்பார்கள். குமிழைத் திருகும் உரிமை பெரும்பாலும் வீட்டுப் பெரியவருக்கு மட்டும். செய்தி நேரத்தில் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் கணீர்க் குரல் பல வீடுகளில் கடிகாரம் மாதிரி. அந்தக் குரல் கேட்டால் இன்னும் குளிக்காதவன் குளிக்க ஓட வேண்டும்.

ஆனால் ஒலிக்குச் சுவர் கிடையாது அல்லவா? கூடத்தில் பாடினால் அடுப்படிக்குக் கேட்கும், திண்ணைக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கச்சேரிக்குப் போக அனுமதி இல்லாத வீட்டுப் பெண்கள், அரிசி களைந்துகொண்டே கச்சேரி கேட்டார்கள். பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் ரேடியோவைக் கேட்டே ராகம் பிடித்துக்கொண்டார்கள். மார்கழியில் திருப்பாவை, ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம், நாடகம் என்று வீட்டின் நாட்காட்டியே வானொலியைச் சுற்றி மாறியது.

குரலுக்கு உறவுமுறை வைத்ததும் இந்தக் காலத்தில்தான். சென்னை வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர் 'வானொலி அண்ணா'. இலங்கையில் 'வானொலி மாமா'. முகம் தெரியாத ஒருவர் தினமும் வீட்டுக்குள் வந்து பேசினால் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? தமிழ்க் குழந்தைக்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும்.

அமைச்சருக்குப் பிடிக்காத பாட்டு

வீட்டில் என்ன பாட வேண்டும் என்று முடிவு செய்ய வீட்டுப் பெரியவருக்கு மேலே இன்னொரு பெரியவர் இருந்தார். அரசாங்கம்.

1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். 1962 வரை பத்து வருஷம் அவர்தான். சங்கீதம் அறிந்தவர். சாஸ்திரிய சங்கீதத்தை மக்களிடம் கொண்டு போக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். தேசிய அளவில் கச்சேரிகளை ஒலிபரப்பத் தொடங்கியது அவர் காலத்தில்தான். எத்தனையோ வித்வான்களுக்கு வானொலி சம்பளம் சோறு போட்டது. இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் அவருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. மேல்நாட்டு மெட்டுகளைக் கலந்து ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. சினிமாப் பாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்தார்கள். பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். விளைவு, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. அந்த இடத்தை நிரப்ப 'மெல்லிசை' என்று வானொலியே தனியாகப் பாட்டு தயாரித்தது. அதிலும் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் மக்கள் கேட்டது வேறு.

கேஸ்கர் நினைத்தது ஒருவகையில் அப்பாக்கள் நினைப்பதுதான். பிள்ளைக்கு எது நல்லதோ அதைக் கொடுத்தால் பிள்ளைக்கு அது பிடித்துவிடும் என்ற நம்பிக்கை. பிள்ளை என்ன செய்தது? குமிழைத் திருப்பிப் பக்கத்து வீட்டைப் பிடித்தது!

பக்கத்து வீடு

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரிலேயே முறையாகத் தொடங்கிவிட்டது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்பே சோதனைகள் செய்திருந்தார். ஆனால் இலங்கை வானொலியின் பலத்துக்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கைக்கு வந்தது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த சிப்பாய்களுக்காக 'ரேடியோ சீக்' என்ற நிலையம் அமைத்தார்கள். அதற்கு 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர். போர் முடிந்தது. சிப்பாய்கள் வீட்டுக்குப் போனார்கள். டிரான்ஸ்மிட்டர் இலங்கையிலேயே தங்கிவிட்டது. 1949-ல் ரேடியோ சிலோன் அதைப் பெற்றுக்கொண்டது.

சிற்றலையின் குணம் என்னவென்றால், அது மேலே போய் வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி வெகு தூரம் போகும். சுங்கம், பாஸ்போர்ட் எதுவும் கிடையாது. 1950-ல் ரேடியோ சிலோன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. விளம்பரத்துக்கு இந்தியக் கம்பெனிகள் தயார். பாட்டுக்கு இந்திய மக்கள் தயார். இந்தியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' 1952-ல் தொடங்கி வட இந்தியாவையே கட்டிப்போட்டது. தமிழில் எஸ்.பி.மயில்வாகனன் தொடங்கி, பி.எச்.அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு பெரிய வரிசை. 'பொங்கும் பூம்புனல்', 'திரை விருந்து', 'பாட்டுக்குப் பாட்டு' என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் ஐம்பது தாண்டியவர்களின் முகம் மலரும். அந்த அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டு ழகரம் பழகியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

டெல்லிக்கு விஷயம் புரிய ஐந்து வருஷம் ஆயிற்று. 1957 அக்டோபர் 3-ல் 'விவித பாரதி' தொடங்கியது. சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் கொழும்பு பழகிப் போயிருந்தது.

பிறந்தநாளும் மரணமும்

பாட்டு மட்டும்தான் என்றால் இலங்கை வானொலி இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. அது குடும்பங்களின் பெயரைச் சொன்னது. அதுதான் முக்கியம்.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்குத் தபால் அட்டையில் எழுதிப் போடுவார்கள். குழந்தையின் பெயர், ஊர், வாழ்த்தும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று நீளமான பட்டியல். அறிவிப்பாளர் ஒன்று விடாமல் வாசிப்பார். ரேடியோவில் தன் பெயர் வந்த குழந்தை அன்றைக்குத் தெருவில் ராஜா.

இதற்கு நேர் எதிரானது மரண அறிவித்தல். இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், ஈமக்கிரியைகள் இன்ன நேரம், இன்ன இடம். நிதானமான குரல், பின்னணி இசை கிடையாது. வெளியாருக்கு இது விநோதமாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இல்லை. பத்திரிகை மறுநாள் காலைதான் வரும். கடிதம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருக்கும் உறவினர் இரவு ரயில் பிடிக்க வேண்டுமே! அந்த அறிவித்தலை நம்பித்தான் குடும்பங்கள் கடைசியாக ஒருமுறை முகம் பார்த்தன.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு. மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாட்டில், தம்பி ஒரு நாட்டில் என்று குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் பக்கம் வந்து இறங்கியவர்களுக்குப் பிறந்த ஊரிலிருந்து கடலைத் தாண்டி வந்துகொண்டே இருந்தவை மிகக் குறைவு. கடிதம் ஒன்று. வானொலி ஒன்று.

தோளில் தொங்கிய டிரான்சிஸ்டர்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல் அதை வைத்துச் செய்த சின்ன ரேடியோ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1960களில் நம் ஊர்களிலும் அது பரவியது. வால்வு சூடாகக் காத்திருக்க வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நான்கு பேட்டரி போதும். கூடத்துப் பலகையில் இருந்த பெட்டி இறங்கி வயலுக்கு வந்தது. டீக்கடைக்கு வந்தது. சலூனுக்கு வந்தது. மாட்டு வண்டியில் தொங்கியது.

இதன் பலன் பாட்டோடு நிற்கவில்லை. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைத் தஞ்சைப் பகுதி உழவர்கள் விடாமல் கேட்டார்கள். 1960களில் ஏ.டி.டி.-27 என்ற புதிய நெல் ரகத்தை வானொலி வழியாகத்தான் பலர் அறிந்துகொண்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! விஞ்ஞானி வைத்த எண் யாருக்கு வேண்டும்? யார் சொல்லித் தெரிந்ததோ அவர் பெயர்தானே நிற்கும்.

சைக்கிளை மிதித்துக் கேட்ட செய்தி

வானொலி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி 1990களின் யாழ்ப்பாணம்.

போர் காரணமாக அங்கே மின்சாரம் நின்று போயிருந்தது. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் தடை செய்த பொருள். ரேடியோ இருக்கிறது, உயிர் கொடுக்க ஒன்றும் இல்லை. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். விளக்குக்கு உள்ள டைனமோவை ரேடியோவோடு இணைத்தார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சுற்றச் சுற்ற ரேடியோ பேசும். கை ஓய்ந்தால் குரல் ஓயும். அடுத்தவர் வந்து பிடித்துக்கொள்வார். அக்கம்பக்கத்து வீட்டார் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் தேடிப் பிடித்தது பெரும்பாலும் லண்டன் பி.பி.சி.யின் தமிழோசையை. 1941-ல் போர்க்காலத்தில் தொடங்கிய சேவை அது. 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் இலங்கைத் தமிழரான சோ.சிவபாதசுந்தரம். பக்கத்துக் கிராமத்தில் விழுந்த குண்டைப் பற்றி ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் லண்டன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. அந்தக் குரல்களில் ஒருவரை நேயர்கள் 'ஆனந்தி அக்கா' என்றே அழைத்தார்கள். வானொலி அண்ணா, வானொலி மாமா, பிறகு அக்கா. உறவுமுறை மாறவில்லை.

பாட்டுக்காகக் காத்திருந்த கூடம் ஒரு காட்சி. உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்த முற்றம் இன்னொரு காட்சி. இரண்டிலும் ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு குடும்பம்.

காதுக்குள் போன பாட்டு

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பிலிப்ஸ் 1963-ல் அறிமுகம் செய்த கேசட் 1980களில் தமிழ்நாட்டுத் தெருவெங்கும் பரவியது. வேண்டிய பாட்டை வேண்டியபோது கேட்கலாம். காத்திருக்கத் தேவையில்லை. 1979-ல் சோனியின் வாக்மேன் வந்தது. பாட்டு அறையை விட்டுக் காதுக்குள் போனது. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டது. 1993-ல் சன் டிவி வந்ததும் கூடத்து மூலை முழுக்க டிவிக்குச் சொந்தமாயிற்று. எஃப்.எம். ஒலிபரப்பு இந்தியாவில் முதலில் வந்தது 1977-ல், சென்னையில். ஆனால் அது வீட்டுப் பேச்சாக மாறியது 2000-க்குப் பிறகு தனியார் நிலையங்கள் வந்தபோதுதான். 2017 ஏப்ரல் 30-ல் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது.

இதில் இழந்ததை மட்டும் பேசுவது நியாயம் இல்லை. அப்பாவின் கையில் மட்டும் இருந்த குமிழ் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. அமைச்சருக்குப் பிடிக்காத பாட்டைக் கேட்க யாரும் கடல் தாண்டத் தேவையில்லை. அடுப்படியிலிருந்து ஒட்டுக் கேட்ட பெண்ணின் பேத்தி, தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் பிள்ளையின் முகத்தை யாழ்ப்பாணத்து அம்மா தினமும் கைபேசியில் பார்க்கிறார். இவை சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் ஒன்று மட்டும் கழன்று போனது. பிடிக்காத பாட்டையும் சேர்ந்து கேட்கும் பழக்கம். தாத்தாவுக்காக நாதஸ்வரம், அம்மாவுக்காகச் சினிமாப் பாட்டு, அப்பாவுக்காகச் செய்தி, தம்பிக்காகக் கிரிக்கெட் என்று ஒருவர் ருசி இன்னொருவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அப்படி விழுந்ததால்தான் அறுபது வயதுக்காரர் ஒருவர் இன்றும் தன் அப்பாவுக்குப் பிடித்த ராகம் எது என்று யோசிக்காமல் சொல்கிறார்.

வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கலாம். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. அதைத் துடைக்கும்போது பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் போதும். அது பாடிய பாட்டை அவர்களே பாடிக் காட்டுவார்கள்.